பெட்ரோல், டீசல் லைன் மரை இணைப்பு கசிந்தால்: எதற்கு டேப், எதற்கு பேஸ்ட், எதற்கு எதுவுமே வேண்டாம்

காரின் பெட்ரோல் லைனிலோ டீசல் லைனிலோ மரை போட்ட இணைப்பு ஒன்று கசிந்தால், யாரைக் கேட்டாலும் உடனே ஒரு வைத்தியம் சொல்வார்கள். ஹார்டுவேர் கடையில் வெள்ளை டேப்பை எடுத்து நீட்டுவார்கள். பட்டறையில் ஷெல்லாக் (அரக்குப் பூச்சு) தடவலாம் என்பார்கள். பக்கத்து வீட்டில் எம்-சீல் வைத்து அப்பினால் தீர்ந்தது என்பார்கள். இதையெல்லாம் கேட்டுக்கொண்டு தருமபுரி, கிருஷ்ணகிரி, ஓசூர் என்று அலைந்து வேலையை முடித்த பிறகுதான் எனக்கு விஷயம் ஒழுங்காகப் புரிந்தது. அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

ஒன்றை மட்டும் மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள். "எதைப் பூசலாம்?" என்று கேட்பதற்கு முன்னால் "இந்த இணைப்பு எந்த இடத்தில் அடைக்கிறது?" என்று கேட்க வேண்டும். காரின் எரிபொருள் லைனில் இருக்கும் பெரும்பாலான மரை இணைப்புகளில் மரைக்கு இறுக்கிப் பிடிக்கும் வேலை மட்டும்தான். பெட்ரோலைத் தடுப்பது வாஷரோ, குழாயின் விரிந்த வாயோ, ஓ-ரிங் என்ற ரப்பர் வளையமோ. அப்படிப்பட்ட இடத்தில் மரையில் எதைச் சுற்றினாலும் கசிவு நிற்காது. நின்றது போலத் தெரிந்தால் அது இன்னும் ஆபத்து, ஏனென்றால் உண்மையான கோளாறு உள்ளேயே இருக்கும்.

1. இது நீங்கள் தொடக்கூடிய வேலைதானா என்று பாருங்கள்

பழைய கார்ப்பரேட்டர் கார்களில் லைன் அழுத்தம் மிகக் குறைவு, அரை பார்கூட இருக்காது. எம்பிஎஃப்ஐ (கார்ப்பரேட்டருக்குப் பதில் இன்ஜெக்டர் பெட்ரோலைத் தெளிக்கும்) பெட்ரோல் கார்களில் சுமார் 3 முதல் 4 பார் வரை இருக்கும். டீசல் வண்டிகளில் டேங்கிலிருந்து ஃபில்டர் வழியாக பம்ப் வரை வருவது குறைந்த அழுத்தப் பக்கம். இந்த மூன்றிலும் பொறுமையும் சரியான கருவியும் இருந்தால் வீட்டில் வேலை பார்க்கலாம்.

காமன் ரெயில் (எல்லா இன்ஜெக்டருக்கும் பொதுவாக ஒரு உயர் அழுத்தக் குழாய், அதுதான் ரெயில்) டீசல் வண்டியில் பம்பிலிருந்து ரெயிலுக்கும், ரெயிலிலிருந்து இன்ஜெக்டருக்கும் போகும் இரும்புக் குழாய்களைத் தொடாதீர்கள். அங்கே ஓடும் அழுத்தம் ஆயிரம் பாரைத் தாண்டும். மயிரிழை அளவு கசிவு இருந்தாலும் அது தோலைத் துளைத்துக்கொண்டு உள்ளே போய்விடும். வெளியே ஊசி குத்திய மாதிரி ஒரு புள்ளிதான் தெரியும், உள்ளே சதை அழுகும், உடனே அறுவை சிகிச்சை தேவைப்படும். டைரக்ட் இன்ஜெக்‌ஷன் பெட்ரோல் கார்களின் உயர் அழுத்தக் குழாய்களுக்கும் இதேதான். சிஎன்ஜி, எல்பிஜி இணைப்புகள் இந்தக் கட்டுரையிலேயே சேராது. அவற்றை அதற்கென்று அங்கீகாரம் பெற்ற இடத்தில்தான் பார்க்க வேண்டும்.

சமீபத்திய கார்களில் பல இடங்களில் மரையே கிடையாது. பிளாஸ்டிக் க்ளிப்பை அமுக்கி இழுத்தால் கழன்று வரும் குவிக் கனெக்டர் இருக்கும். அது கசிந்தால் உள்ளே ஓ-ரிங் போயிருக்கும், அல்லது க்ளிப் உடைந்திருக்கும். பூசி அடைக்கும் பேச்சே அங்கே இல்லை, பாகத்தை மாற்ற வேண்டியதுதான்.

2. காகிதங்களை எடுத்து வையுங்கள்

வேலையைத் தொடங்குவதற்கு முன் மூன்று காகிதங்கள் கையில் இருக்கட்டும்.

ஆர்சி. கடையில் "ஃபில்டர் வாஷர் கொடுங்க" என்றால், "என்ன மாடல், எந்த வருஷம், எந்த இன்ஜின்?" என்று கேட்பார்கள். ஒரே பெயரில் ஓடும் வண்டிக்குள் இன்ஜின் இரண்டு மூன்று வகை இருக்கும். ஆர்சியில் இருக்கும் சேசிஸ் எண்ணைச் சொன்னால் கம்பெனி உதிரிபாகக் கடையில் சரியான பார்ட் நம்பரை எடுத்துக் கொடுப்பார்கள். ஆர்சியை போனில் படம் எடுத்து வைத்துக்கொண்டால் போதும்.

வாரன்ட்டி காகிதம். வண்டி இன்னும் வாரன்ட்டியில் இருந்தால் ஸ்பேனரையே எடுக்காதீர்கள், நேரே சர்வீஸ் சென்டருக்குப் போங்கள். வாரன்ட்டி முடிந்திருந்தாலும், கம்பெனியின் இணையதளத்தில் சேசிஸ் எண்ணைப் போட்டு ரீகால் (குறையைச் சரி செய்யக் கம்பெனியே வண்டியைத் திரும்ப அழைப்பது) ஏதாவது இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். எரிபொருள் லைன் சம்பந்தப்பட்ட ரீகால் இருந்தால் இலவசமாகவே மாற்றித் தருவார்கள். இந்த ஒரு நிமிட வேலையை நிறையப் பேர் செய்வதில்லை.

இன்ஷூரன்ஸ் பாலிசி. எரிபொருள் லைனில் கை வைத்த வண்டியில் பின்னால் தீ விபத்து நேர்ந்தால் சர்வேயர் கேள்வி கேட்பார். வாங்கிய ஒவ்வொரு பாகத்துக்கும் பில் வாங்கி வையுங்கள், கழற்றிய பழைய பாகத்தையும் படம் எடுத்து வையுங்கள். லைனில் புதிதாக கேஜ், ரெகுலேட்டர் மாதிரி எதையாவது சேர்ப்பதாக இருந்தால் இன்ஷூரன்ஸ் நிறுவனத்துக்கு முன்கூட்டியே எழுத்தில் தெரிவித்துவிடுங்கள்.

3. கசிவது எங்கே என்று உறுதி செய்யுங்கள்

ஈரமாக இருக்கும் இடமெல்லாம் கசியும் இடம் ஆகாது. பெட்ரோல் குழாயோடு ஓடிவந்து மிகத் தாழ்ந்த இடத்தில்தான் சொட்டும். இன்ஜின் நன்றாக ஆறிய பிறகு சந்தேகப்படும் பகுதி முழுவதையும் பழைய துணியால் துடைத்துக் காயவிடுங்கள். அப்புறம் சாக்பீஸைப் பொடி செய்து, அல்லது சாதாரண முகப்பவுடரை, இணைப்பைச் சுற்றித் தூவுங்கள். இக்னிஷனை ஆன் செய்து பம்ப் சில விநாடிகள் ஓடியதும் ஆஃப் செய்துவிட்டு டார்ச்சில் பாருங்கள். ஈரம்பட்ட பொடி நிறம் மாறும். அதில் உயரமான ஈரப்புள்ளி எதுவோ அதுதான் கசியும் இடம்.

இப்படிப் பார்க்கும்போது கசிவு மரையில் இல்லாமல், பக்கத்து ரப்பர் ஹோஸின் வெடிப்பில் இருப்பது அடிக்கடி நடக்கும். அது நல்ல செய்தி, ஹோஸை மாற்றினால் போதும். இப்போது பங்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த இ20 பெட்ரோல். பழைய வண்டிகளின் ரப்பர் ஹோஸும் ஓ-ரிங்கும் எத்தனாலுக்கென்று செய்யப்பட்டவை அல்ல, ஊறி உப்பும், அல்லது காய்ந்து வெடிக்கும். மாற்றும்போது ஹோஸின் மேல் என்ன அச்சிட்டிருக்கிறது என்று படியுங்கள். எஸ்ஏஇ ஜே30 ஆர்7 என்றிருந்தால் கார்ப்பரேட்டர் வண்டிக்குச் சரி. எம்பிஎஃப்ஐ வண்டிக்கு ஆர்9 வேண்டும். எதுவும் அச்சிடாத கறுப்பு ஹோஸை மீட்டர் கணக்கில் வெட்டிக் கொடுத்தால் வாங்காதீர்கள்.

4. இணைப்பு எந்த வகை?

மொத்த வேலையும் இந்த இடத்தில்தான் இருக்கிறது. கழற்றுவதற்கு முன்பே பெரும்பாலும் கண்டுபிடித்துவிடலாம்.

பாஞ்சோ போல்ட்: வளையம் போன்ற ஒரு கண்ணுக்குள் துளையிட்ட போல்ட் நுழைந்து நிற்கும். டீசல் ஃபில்டரின் தலையில், பம்பில், சில பெட்ரோல் ஃபில்டர்களில் இதுதான் இருக்கும். கண்ணுக்கு மேலே ஒரு வாஷர், கீழே ஒரு வாஷர், செம்பு அல்லது அலுமினியம். அடைப்பது அந்த இரண்டு வாஷர்கள்தான். மரைக்கு ஒன்றும் போடக் கூடாது.

ஃப்ளேர்: இரும்பு அல்லது செம்புக் குழாயின் வாய் புனல்போல விரிந்திருக்கும். பின்னாலிருந்து நட்டு வந்து அந்த விரிந்த வாயை எதிரே இருக்கும் கூம்பில் வைத்து அழுத்தும். உலோகமும் உலோகமும் உட்காரும் அந்த இடத்தில்தான் அடைப்பு. மரைக்கு ஒன்றும் வேண்டாம். கார்களில் வருவது 45 டிகிரி ஃப்ளேர், அல்லது குமிழ் வடிவ மெட்ரிக் ஃப்ளேர். ஹைட்ராலிக் கடையில் கிடைப்பது 37 டிகிரி. இரண்டையும் சேர்த்துப் பூட்டினால் பார்வைக்கு உட்கார்ந்ததுபோல இருக்கும், கூம்பு முழுவதும் தொடாமல் ஒரு கோட்டில் மட்டும் தொட்டுக்கொண்டு கசியும்.

ஃபெருல் வைத்த கம்ப்ரஷன் இணைப்பு: குழாயின் மேல் ஒரு சின்னப் பித்தளை வளையம் இருக்கும். நட்டு இறுகும்போது வளையம் குழாயைக் கவ்விக்கொள்ளும். இதற்கும் மரையில் ஒன்றும் வேண்டாம். ஒருமுறை கவ்விய வளையத்தை வேறு குழாயில் போட முடியாது.

ஓ-ரிங் இணைப்பு: நேரான மரை, தலைக்குக் கீழே ரப்பர் வளையம். வளையம் மட்டும்தான் அடைக்கிறது.

டேப்பர் மரை: நுனியில் மெலிந்து, உள்ளே போகப் போகத் தடித்து, ஆப்பு அடித்ததுபோல இறுகும். பிரஷர் கேஜ், சென்சர் அடாப்டர், வெளிநாட்டிலிருந்து வரும் ரெகுலேட்டர், சில பித்தளை நிப்பிள்கள் இப்படி இருக்கும். மரையே அடைக்கும் வகை இது ஒன்றுதான். ஆனால் மரையின் மேட்டுக்கும் பள்ளத்துக்கும் நடுவே சுருளாக ஒரு சின்ன வழி எப்போதும் மிச்சமிருக்கும். அதை நிரப்பத்தான் சீலென்ட், அதாவது மரையில் பூசும் பேஸ்ட், வேண்டும்.

ஆக, ஐந்து வகையில் ஒன்றுக்குத்தான் சீலென்ட். மற்ற நான்கு கசிந்தால் வாஷர், குழாயின் வாய், ஃபெருல், ஓ-ரிங் ஆகியவற்றில் எது கெட்டிருக்கிறது என்று பாருங்கள்.

5. மரையை அளந்துவிட்டுக் கடைக்குப் போங்கள்

எல்லாரும் மாட்டிக்கொள்வது 1/8 இன்ச் அளவில்தான். மூன்று மரைகள் கிட்டத்தட்ட ஒரே மாதிரி இருக்கும்:

1/8 என்பிடி: அமெரிக்க டேப்பர் மரை. வெளிவிட்டம் சுமார் 10.3 மில்லிமீட்டர், இன்ச்சுக்கு 27 மரை, மரைக் கோணம் 60 டிகிரி.

1/8 பிஎஸ்பி: நம்மூர் ஹார்டுவேர் கடைகளில் கிடைக்கும் குழாய் மரை. வெளிவிட்டம் சுமார் 9.7, இன்ச்சுக்கு 28 மரை, கோணம் 55 டிகிரி.

எம்10, பிட்ச் 1: மெட்ரிக் நேர் மரை. வெளிவிட்டம் 10, பிட்ச் (ஒரு மரைக்கும் அடுத்த மரைக்கும் உள்ள தூரம்) ஒரு மில்லிமீட்டர்.

என்பிடி கேஜுக்குப் பிஎஸ்பி அடாப்டரை வாங்கிவந்தால் முதல் இரண்டு மூன்று சுற்று சிரமமில்லாமல் போகும். அப்புறம் இறுகும். "சரி, டேப்பர்தானே, இறுகத்தான் செய்யும்" என்று நினைத்து ஸ்பேனரைப் போட்டுத் திருகினால் பித்தளை மரை நசுங்கிவிடும். அதற்குப் பிறகு எந்தப் பேஸ்ட்டும் அதைக் காப்பாற்றாது. எம்10 துளைக்குள் என்பிடியை ஏற்றினால் இன்னும் மோசம், அலுமினிய ஃபில்டர் தலை அப்படியே பிளந்துவிடும்.

ஒரு வெர்னியரும் ஒரு பிட்ச் கேஜும் இருந்தால் தெளிவாகிவிடும். ஆண் மரையின் (வெளிப்புறம் மரை உள்ள பாகம்) நுனியிலும் அடியிலும் வெர்னியரை வைத்து அளங்கள். என்பிடியும் டேப்பர் பிஎஸ்பியும் 16-க்கு 1 என்ற விகிதத்தில் தடிப்பவை. 8 மில்லிமீட்டர் நீள மரையில் அரை மில்லிமீட்டர் வித்தியாசம் தெரியும். இரண்டு அளவும் ஒன்றாக இருந்தால் நேர் மரை. அப்புறம் பிட்ச் கேஜின் பற்களை மரையில் வைத்து வெளிச்சத்துக்கு நேராகப் பிடியுங்கள். பல்லுக்கும் மரைக்கும் நடுவே வெளிச்சம் கசியக் கூடாது. 27-க்கும் 28-க்கும் உள்ள வித்தியாசம் இரண்டு மூன்று மரையில் தெரியாது, ஏழெட்டு மரை நீளம் வைத்தால்தான் தெரியும். அளக்க முடியவில்லை என்றால் கழற்றிய பாகத்தையே கையில் கொண்டுபோங்கள், போனில் படத்தைக் காட்டி வாங்காதீர்கள்.

6. எங்கே வாங்குவது, எவ்வளவு ஆகும்

செம்பு வாஷர், ஃபில்டர், ஹோஸ், க்ளாம்ப் எல்லாம் தருமபுரியிலோ கிருஷ்ணகிரியிலோ உள்ள வாகன உதிரிபாகக் கடைகளில் கிடைக்கும். வாஷர் ஒன்று பத்து இருபது ரூபாய்க்குள் முடிந்துவிடும். பத்து பன்னிரண்டு சேர்த்தே வாங்கி வையுங்கள். டீசல் ஃபில்டர் பாஞ்சோக்களில் எம்12, எம்14 அளவுகள்தான் அதிகம் வரும் என்றாலும் உங்கள் போல்ட்டை அளந்துவிட்டு வாங்குங்கள்.

என்பிடி அடாப்டர், ஃப்ளேர் யூனியன் போன்றவற்றுக்கு ஓசூர் போவது நல்லது. சிப்காட் தொழிற்சாலைகளை நம்பி ஹைட்ராலிக், நியூமேட்டிக் ஃபிட்டிங் கடைகள் அங்கே உண்டு. தமிழ், தெலுங்கு, கன்னடம் எதில் பேசினாலும் வேலை நடக்கும். கிருஷ்ணகிரியிலிருந்து ஐம்பது கிலோமீட்டர்தான். அங்கேயும் கிடைக்காதது பெங்களூரு ஜே.சி. ரோட்டில் கிடைக்க வாய்ப்பு அதிகம். ஞாயிற்றுக்கிழமையை நம்பிக் கிளம்பாதீர்கள், போன் செய்து கேட்டுவிட்டுப் போங்கள்.

டேப்பர் மரைக்கு வேண்டியது காற்று படாத இடத்தில் இறுகும் அனரோபிக் த்ரெட் சீலென்ட். லாக்டைட் 567, 577 போன்றவை இந்த வகை. வேறு கம்பெனி வாங்கினால் டேட்டா ஷீட்டில் பெட்ரோலுக்கு ஏற்றது என்று இருக்கிறதா பாருங்கள். 50 மில்லி ட்யூப் பல நூறு ரூபாய் ஆகும், சில பிராண்டுகள் ஆயிரத்தைத் தாண்டும். ஒரு இணைப்புக்காக இவ்வளவா என்று தோன்றும். பட்டறை நடத்தும் நண்பர் இருந்தால் அவரிடமிருந்து கொஞ்சம் வாங்கிக்கொள்ளலாம். காலாவதித் தேதியைப் பாருங்கள். இந்த சீலென்ட் பாட்டில் புதிதாகவே பாதி காலியாகத்தான் இருக்கும். கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்று சண்டைக்குப் போகாதீர்கள். ஆக்சிஜன் இருக்கும் வரை அது இறுகாது, அதற்காகத்தான் பாட்டிலுக்குள் காற்றை விட்டு வைத்திருக்கிறார்கள்.

வாங்கக் கூடாதவை:

வெள்ளை டெஃப்லான் டேப். தண்ணீர்க் குழாய்க்கு மிக நல்ல பொருள்தான், பெட்ரோலில் அது கரையவும் செய்யாது. சிக்கல் வேறு. பூட்டும்போதும் கழற்றும்போதும் அது பிய்ந்து இழை இழையாக லைனுக்குள் போகும். பாலக்கோடு பக்கம் ஒரு பட்டறையில் கார்ப்பரேட்டரைத் திறந்து காட்டினார்கள். ஊசி வால்வின் நுனியில் அரை அங்குலத்துக்குக் குறைவான ஒரு வெள்ளை இழை சுற்றிக்கொண்டிருந்தது. அவ்வளவுதான். அதனால் ஊசி முழுதாக உட்காராமல் பெட்ரோல் வழிந்துகொண்டே இருந்திருக்கிறது. எம்பிஎஃப்ஐ வண்டியில் ஃபில்டருக்குப் பிறகு டேப் போட்டால் இழை நேரே இன்ஜெக்டருக்குத்தான் போகும். இன்னொன்று, டேப் வழுக்கும். எவ்வளவு இறுக்குகிறோம் என்பது கைக்குத் தெரியாமல் போய், பெண் மரை (உட்புறம் மரை உள்ள பாகம்) பிளக்கும்.

ஷெல்லாக். அந்தக் காலத்து பெட்ரோலுக்கு அது தாங்கியது. அரக்கு எத்தனாலில் கரையும் பொருள். இ20 ஓடும் லைனில் அதை நம்பக் கூடாது.

ஆர்டிவி சிலிக்கான். ஆயில் சம்பிற்கு நல்லது, பெட்ரோல் பட்டால் ஊறி உப்பிப் பிய்ந்து வரும்.

எம்-சீல். மேலே அப்பிய பூச்சு அதிர்விலும் சூட்டிலும் விடும். அதற்குள் உள்ளே இருக்கும் இணைப்பைக் கழற்றவும் முடியாதபடி ஆகியிருக்கும்.

கருவிகளில் ஃப்ளேர் நட்டு ஸ்பேனரை மட்டும் கட்டாயம் வாங்குங்கள். ரிங் ஸ்பேனரில் ஒரு பக்கம் குழாய் நுழைய வெட்டு விட்டது போல இருக்கும். சாதாரண ஓப்பன் ஸ்பேனர் நட்டின் இரண்டு பக்கத்தை மட்டும் பிடித்து முனையை மழுக்கிவிடும். அதோடு ஒரு கிலோ ஏபிசி பவுடர் தீயணைப்பான், ஆயிரம் ரூபாய்க்கு அக்கம்பக்கம் ஆகும். இது இல்லாமல் அடுத்த படிக்குப் போக வேண்டாம்.

7. அழுத்தத்தை இறக்குங்கள், தீக்கு வழி விடாதீர்கள்

பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. தரையோடு படிந்து போய்ப் பள்ளத்தில் தேங்கும். சர்வீஸ் பிட்டுக்குள்ளும், மூடிய கார் ஷெட்டிலும், அடுப்படிக்குப் பக்கத்து வாசலிலும் இந்த வேலை வேண்டாம். பூஜை விளக்கு, ஊதுபத்தி, வெல்டிங் எதுவும் அருகில் இருக்கக் கூடாது. திறந்த இடத்தில் காலை வெயில் ஏறுவதற்கு முன் செய்யுங்கள். சித்திரை வைகாசி மதியத்தில் நம்ம ஊர் வெயிலில் பெட்ரோல் கொப்பளித்து ஆவியாகும், அந்த நேரத்தில் லைனைத் திறக்காதீர்கள். டேங்கில் பெட்ரோல் குறைவாக இருக்கும் நாளாகப் பார்த்துக்கொண்டால் இன்னும் நல்லது.

எம்பிஎஃப்ஐ வண்டியில் ஃப்யூயல் பம்ப் ஃப்யூஸையோ ரிலேயையோ கழற்றிவிட்டு இன்ஜினை ஸ்டார்ட் செய்யுங்கள். லைனில் இருப்பதைக் குடித்துவிட்டுத் தானாக நின்றுவிடும். இன்னும் ஓரிரு முறை கிராங்க் செய்யுங்கள். டேங்க் மூடியைத் திறந்து மூடுங்கள். பிறகு பேட்டரியின் நெகட்டிவ் டெர்மினலைக் கழற்றி ஓரமாக ஒதுக்கிவிட்டு இன்ஜின் முழுவதும் ஆறும்வரை விடுங்கள். இத்தனைக்குப் பிறகும் லைனில் கொஞ்சம் மிச்சமிருக்கும். இணைப்பைச் சுற்றித் துணி வைத்துக்கொண்டு மெதுவாகத் தளர்த்துங்கள். கண்ணாடி அணியுங்கள்.

8. பூட்டுதல்

எந்த வகையானாலும் இரண்டு ஸ்பேனர் வேண்டும். ஒன்று இணைப்பின் உடம்பைப் பிடிக்க, இன்னொன்று நட்டைத் திருப்ப. ஒன்றை மட்டும் போட்டுத் திருப்பினால் பின்னால் இருக்கும் குழாய் முறுக்கி வெடிக்கும்.

பாஞ்சோவுக்கு ஒவ்வொரு முறையும் புது வாஷர், கண்ணுக்கு இருபுறமும். பழைய வாஷரில் முந்தைய இறுக்கத்தின் தடம் பதிந்து செம்பு கெட்டியாகியிருக்கும், மறுபடி அது வளைந்து கொடுக்காது. பழைய வாஷர் சில சமயம் பாஞ்சோ கண்ணின் அடியில் ஒட்டிக்கொண்டு பார்வைக்குத் தெரியாமல் இருக்கும், நகத்தால் கீறிப் பாருங்கள். அதன் மேலேயே புதிதை வைத்தால் கசியும். செம்பு வாஷரைச் சிவக்கச் சூடாக்கித் தண்ணீரில் போட்டால் மறுபடி மெதுவாகும் என்பது உண்மைதான், அவசரத்துக்கு உதவும். அந்த நெருப்பு வேலையை வண்டியிலிருந்து நன்றாகத் தள்ளிப் போய்ச் செய்யுங்கள். வாஷர் உட்காரும் முகத்தில் கீறல் இருந்தால், கண்ணாடித் துண்டின் மேல் 400 நம்பர் எமரி தாளை வைத்துப் பாஞ்சோ கண்ணை வட்டமாகத் தேய்த்து எடுங்கள். இறுக்கத்துக்கு மேனுவலில் உள்ள டார்க்கை (எவ்வளவு விசையில் திருக வேண்டும் என்ற அளவை) பின்பற்றுங்கள். பாஞ்சோ போல்ட்டின் நடுவில் துளை இருப்பதால் அது பார்ப்பதைவிட பலவீனமானது, கை பலத்தைக் காட்டினால் தலை துண்டாகும்.

ஃப்ளேருக்கு முதலில் குழாயின் வாயை டார்ச் வெளிச்சத்தில் பாருங்கள். மயிரிழை வெடிப்போ குறுக்குக் கீறலோ இருந்தால் வெட்டிவிட்டுப் புதிதாக ஃப்ளேர் அடிக்க வேண்டும். இரும்புக் குழாய்க்கு இரட்டை ஃப்ளேர்தான் அடிக்க வேண்டும், ஒற்றை ஃப்ளேர் ஓரத்தில் வெடிக்கும். பிரேக் பைப் வேலை செய்யும் பட்டறைகளில் இதற்கான கருவி இருக்கும். நட்டின் பின்புறத்தில் ஒரு சொட்டு ஆயில் விடுங்கள், குழாய் முறுக்காது. நட்டைக் கையாலேயே பெரும்பாலான மரை வரை ஏற்றுங்கள். கையால் ஏறவில்லை என்றால் கோணலாக நிற்கிறது என்று அர்த்தம். கசிகிறதே என்று மேலும் மேலும் இறுக்கினால் ஃப்ளேர் மெலிந்து வெடிக்கும். லேசாகத் தளர்த்தி, குழாயைக் கொஞ்சம் அசைத்து உட்கார வைத்து மறுபடி இறுக்கிப் பாருங்கள். பல கசிவுகள் அதிலேயே நின்றுவிடும்.

டேப்பர் மரைக்குத்தான் நேரம் பிடிக்கும். ஆண், பெண் இரண்டு மரையிலும் பழைய டேப், பழைய பூச்சு எல்லாவற்றையும் கூரான பித்தளைக் கம்பியாலோ பல் துலக்கும் பிரஷ்ஷாலோ எடுத்துவிடுங்கள். பெண் மரையைச் சுத்தம் செய்யும்போது துளையின் வாய் கீழே பார்த்து இருக்கட்டும், துகள் உள்ளே விழக் கூடாது. பிரேக் க்ளீனர் அடித்துக் காயவிடுங்கள். எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் சீலென்ட் பிடிக்காது.

சீலென்ட் ஆண் மரையில் மட்டும். நுனியில் முதல் இரண்டு மரையை வெறுமையாக விட்டுவிட்டு மூன்றாவதிலிருந்து ஒரு சுற்று பூசி, பள்ளங்கள் நிரம்பும்படி விரலால் அழுத்துங்கள். நுனியில் பூசினால் அதுவும் லைனுக்குள்தான் போகும். கையால் முடிந்த மட்டும் ஏற்றிவிட்டு, ஸ்பேனரில் ஒன்றரை முதல் இரண்டு சுற்று. 1/8 இன்ச் அளவுக்கு அதற்கு மேல் தேவைப்படாது. அலுமினிய உடம்பாக இருந்தால் ஒன்றரையோடு நிறுத்திப் பாருங்கள்.

இப்போது கேஜின் முகமோ எல்போவின் வாயோ நாம் விரும்பிய பக்கம் பார்க்காமல் நிற்கும். கொஞ்சம் பின்னால் திருப்பிச் சரி செய்யத் தோன்றும். டேப்பர் மரையைப் பின்னால் திருப்பவே கூடாது. திருப்பினால் அடைப்பு உடைந்துவிடும், முழுவதும் கழற்றி, சுத்தம் செய்து, மறுபடி பூசத்தான் வேண்டும். முன்னால் திருப்பி நேராக்க முடியும் என்றால் செய்யுங்கள், இல்லையென்றால் வேறு நீளமுள்ள அடாப்டர் தேடுங்கள்.

வெளியே பிதுங்கிய சீலென்ட் மறுநாளும் ஈரமாகவே இருக்கும். காற்று படும் இடத்தில் அது இறுகாது, அதுதான் அதன் குணம். துணியால் துடைத்துவிடுங்கள். உள்ளே முழுவதும் இறுக 24 மணி நேரம் கொடுங்கள். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பாகமாக இருந்தால் இன்னும் மெதுவாக இறுகும், அதற்கென்று உள்ள ஆக்டிவேட்டரை முதலில் அடித்துக்கொள்ளலாம். பிளாஸ்டிக் மரையில் இந்த சீலென்ட்டைப் போடக் கூடாது, பல பிளாஸ்டிக்குகள் அது பட்டால் வெடிக்கும்.

சனிக்கிழமை காலை கழற்றிப் பூட்டினால் ஞாயிறு காலை சோதிக்கலாம். திங்கள் வேலைக்கு வண்டி வேண்டுமென்றால் இப்படித்தான் கணக்குப் போட வேண்டும். ஃப்ளேரும் பாஞ்சோவும் மட்டும் என்றால் அரை நாளில் முடிந்துவிடும்.

9. சோதனை

பேட்டரியை மாட்டி, ஃப்யூஸைப் போட்டு, ஸ்டார்ட் செய்யாமல் இக்னிஷனை மட்டும் நான்கைந்து முறை ஆன், ஆஃப் செய்யுங்கள். ஒவ்வொரு முறையும் பம்ப் ஓரிரு விநாடி ஓடி லைனை நிரப்பும். இணைப்பைச் சுற்றி டிஷ்யூ பேப்பரை ஒற்றிப் பாருங்கள், ஈரம் பட்டால் உடனே தெரியும். உலர்ந்திருந்தால் ஸ்டார்ட் செய்து பத்து நிமிடம் ஐடிலிங்கில் விட்டு மறுபடி ஒற்றுங்கள். தீயணைப்பான் கைக்கு எட்டும் இடத்தில், பின் எடுக்கத் தயாராக இருக்கட்டும்.

அப்புறம் பக்கத்திலேயே ஒரு சுற்று ஓட்டி, இன்ஜின் சூடாக இருக்கும்போது பாருங்கள். குளிர்ந்த நிலையில் கசியாமல் சூட்டில் கசியும் இணைப்புகள் உண்டு, சூட்டில் கசியாமல் விடியற்காலையில் கசிபவையும் உண்டு. மறுநாள் காலையிலும் ஒருமுறை பார்த்துவிட வேண்டும். இதெல்லாம் முடிவதற்குள் தொப்பூர் கணவாய்ப் பக்கம் வண்டியை எடுக்காதீர்கள். லாரிகள் வரிசையாக இறங்கும் சரிவில் பெட்ரோல் கசியும் காரோடு நிற்பது உங்களுக்கு மட்டுமான ஆபத்து அல்ல.

10. டீசல் வண்டிக்காரர்களுக்குத் தனியாக

மாங்காய் சீசனில் லோடு ஏற்றும் பிக்கப் வைத்திருப்பவர்கள் அடிக்கடி சொல்லும் குறை இது: "ராத்திரி நிறுத்தினா காலைல ஸ்டார்ட் ஆக ரொம்ப நேரம் சுத்துதுங்க, கீழ ஒரு சொட்டு கூட ஒழுகல." டேங்கிலிருந்து பம்ப் டீசலை உறிஞ்சும் பக்கத்தில் இணைப்பு விட்டிருந்தால் டீசல் வெளியே வராது, காற்று உள்ளே போகும். ராத்திரி முழுவதும் டீசல் டேங்குக்கே இறங்கிவிடும்.

கண்டுபிடிக்க, ஃபில்டருக்கும் பம்புக்கும் நடுவே டீசலுக்கேற்ற ஒரு துண்டு தெளிவான ஹோஸைத் தற்காலிகமாகப் போட்டு இன்ஜினை ஓட்டிப் பாருங்கள். குமிழ்கள் ஓடினால் காற்று வருகிறது. பெரும்பாலும் ஃபில்டர் மாற்றியபோது பழைய வாஷரையே திரும்பப் போட்ட பாஞ்சோதான் காரணமாக இருக்கும். இரண்டு வாஷரையும் மாற்றிவிட்டு, கையால் அமுக்கும் ப்ரைமரை அது கெட்டியாகும்வரை அடியுங்கள். ப்ளீட் ஸ்க்ரூ (காற்றை வெளியேற்றும் திருகு) இருந்தால் அதைத் தளர்த்தி, குமிழ் இல்லாமல் டீசல் வந்ததும் மூடுங்கள்.

11. பட்டறையில் கொடுப்பதாக இருந்தால்

அதுவும் நல்ல முடிவுதான், அதில் தயக்கம் வேண்டாம். மெக்கானிக்கிடம் மரியாதையாக முன்கூட்டியே மூன்று விஷயம் சொல்லிவிடுங்கள்: "அண்ணா, பாஞ்சோவுக்குப் புது வாஷர் நானே வாங்கித் தர்றேன். ஃப்ளேருக்கு டேப் சுத்த வேண்டாம். டேப்பர் மரைக்கு இந்த சீலென்ட்டைப் போட்டு ஒரு நாள் விட்டுடுங்க, வண்டிய நாளைக்கு எடுத்துக்கறேன்." நல்ல மெக்கானிக் இதற்குக் கோபப்பட மாட்டார். ஒரு நாள் விடுவதற்குப் பட்டறையில் இடம் இல்லை என்றால் வண்டியைத் தள்ளி ஓரமாக நிறுத்தச் சொல்லுங்கள், ஸ்டார்ட் செய்து நகர்த்த வேண்டாம். பில்லில் என்ன பாகம் மாற்றினார்கள், என்ன சீலென்ட் போட்டார்கள் என்று எழுதி வாங்கி, கழற்றிய வாஷரையும் ஃபிட்டிங்கையும் ஒரு கவரில் போட்டுக் கொடுக்கச் சொல்லுங்கள்.